முப்பத்தெட்டு கே இருக்கையில் பதின்மூன்று டிகிரி

என்ன வேலை என்று கேட்பவர்களிடம், விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிற வேலை என்று சொல்வேன். பதினோரு விநாடிப் படம் ஒன்று திரையில் வரும். அதில் ஒருவர் தன் இருக்கையில் ஏதாவது செய்வார், அல்லது ஒன்றும் செய்யாமல் இருப்பார். அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று ஆறு பொத்தான்களில் ஒன்றை நான் அழுத்த வேண்டும்: உறக்கம், விழிப்பு, பேச்சு, உணவு, குளிர், வெப்பம். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் படங்கள். இதே வேலையை எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர் செய்தோம். நாங்கள் அழுத்துவதிலிருந்துதான் 'தென்றல்' என்ற காற்று இயந்திரம் பாடம் கற்றுக்கொண்டது.

தென்றல் வருவதற்கு முன்னால் நீண்ட விமானப் பயணம் எப்படி இருந்தது என்பது போனவர்களுக்குத் தெரியும். ஒரே கூடத்தில் முந்நூறு பேர். முப்பதாவது வரிசைக்காரர் நடுங்குவார், முப்பத்தொன்றாவது வரிசைக்காரர் விசிறிக்கொள்வார். பணிப்பெண்ணிடம் இருப்பது ஒரே ஒரு குமிழ். அதை இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு சண்டை, அந்தப் பக்கம் திருப்பினால் இன்னொரு சண்டை. தென்றல் ஒவ்வொரு இருக்கைக்கும் தனிக் காற்றுவாயும் தலைக்கு மேல் ஒரு சிறிய கேமராவும் வைத்தது. பார்த்துப் புரிந்துகொண்டு அவரவருக்கு வேண்டிய சூட்டை அவரவருக்குக் கொடுத்தது. 'கேட்காமலே கொடுக்கும்' என்பதுதான் விளம்பரம். அதன் பிறகு குமிழுக்கு வேலை இல்லை என்று அதைக் கழற்றிவிட்டார்கள்.

நான் கிண்டியில் மாலை வகுப்பில் மெக்கானிக்கல் படிக்கிறேன், மூன்றாம் வருடம். அலுவலகத்தில் பார்த்ததையும் வகுப்பில் கேட்டதையும் ஒரே நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பேன். சந்தேகம் வந்த படங்களின் எண், நேரம், நான் என்ன அழுத்தினேன், ஒப்பு எவ்வளவு என்பது தனிப் பக்கத்தில் இருக்கும். ஒப்பு என்பது திரையின் அடியில் தெரியும் எண். அதே படத்தை நமக்கு முன்னால் பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் நம்மைப் போலவே அழுத்தினார்கள் என்று அது காட்டும். எண் குறைவாக இருந்தால் இன்னொரு முறை யோசித்து மாற்றிக்கொள்ளலாம். எனக்குச் சந்தேகம் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

எங்களுக்குக் கொடுத்த கையேடு வேறு ஏதோ நாட்டில் வரைந்தது. குளிர் என்பதற்கு அதில் மூன்று படங்கள் இருந்தன. ஒருவர் உள்ளங்கைகளைத் தேய்க்கிறார், ஒருவர் தோள்களைக் கட்டிக்கொள்கிறார், ஒருவர் முஷ்டிக்குள் ஊதுகிறார். முந்தானையையோ துண்டையோ தலையோடு காதையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதில் இல்லை. எங்கள் படங்களிலோ அவர்தான் ஆயிரக்கணக்கில் வந்தார். பதினான்கு பேரும் அவருக்கு உறக்கம் என்று போட்டோம். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் வருகிற எவருக்கும் இது தெரியும். தலையோடு போர்த்தியவர் தூங்குகிறார், அவரை எழுப்பக்கூடாது. கண்டக்டர்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் டிக்கெட் கேட்பார். அந்த வகைப் படங்களில் எங்கள் ஒப்பு தொண்ணூற்றொன்பது. வேறு எந்த ஊர் அலுவலகத்திலும் அப்படி வந்ததில்லை என்று எங்கள் தலைவர் ரெஜினால்டு சார் கேக் வாங்கி வந்தார்.

என் நோட்டில் அந்த வகையின் முதல் படம் இப்படி இருக்கிறது: '2206. குளிரா, உறக்கமா? முதலில் குளிர். மற்றவர்களுக்கு உறக்கம். மாற்றினேன்.' ஒப்பு என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. எண்ணை எழுத மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து மாதமாகச் சின்னப் பயணங்களில் ஓடிக்கொண்டிருந்த தென்றலுக்கு அந்த வியாழக்கிழமைதான் முதல் பதினேழு மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் காலை ஒன்பது ஐம்பதுக்கு விமானம் கிளம்பியது. நாங்கள் முறை வைத்து, திரையில் அதன் இருக்கைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சௌகரியமாக இருப்பவர் பச்சை, குளிரிலோ வெப்பத்திலோ தவிப்பவர் சிவப்பு. மாலை ஐந்தரைக்கு நான் வேலை முடித்து எழுந்தபோது பலகை முழுக்கப் பச்சை. பின் வரிசைகளில் பாதிப் பேர் உறக்கம். நன்றாக வேலை செய்கிறது என்று நோட்டில் எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

எங்கள் வகுப்பறையின் ஏசி பெரிய கூடத்துக்கு வாங்கியது. கடைசி பெஞ்சுக்கு நேர் மேலே அதன் வாய். மூன்று வருடமாக அங்கேதான் உட்காருகிறேன். அன்றும் துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் செல்லையா, உடல் எப்படி வெப்பத்தை இழக்கிறது என்று நடத்திக்கொண்டிருந்தவர், நிறுத்தினார்.

"இசக்கியம்மா, வேலை பாத்துட்டு வர்றீங்க, புரியுது. ஆனா தூங்குறதுக்கு வீடுன்னு ஒண்ணு இருக்கு."

வகுப்பு சிரித்தது. தூங்கவில்லை என்றேன். பின்னே ஏன் முக்காடு என்று கேட்டார். குளிருகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னைத் தவிர யாரும் சொல்லாத ஒன்றை நான் மட்டும் எப்படிச் சொல்வது என்று மூடிக்கொண்டேன். அவர் ரிமோட்டை எடுத்தார்.

"இருங்க, தூக்கம் கலையட்டும்" என்று இரண்டு டிகிரி குறைத்தார்.

குளிர்ந்த காற்று என் தலையில் இறங்கியது. துப்பட்டாவை இன்னும் இறுக்கினேன். இறுக்கும்போதுதான் கை நின்றது. நான் இறுக்க இறுக்க அவருக்கு நான் தூங்குகிறவள். நான் தூங்குகிறவளாகத் தெரியத் தெரிய அவர் குறைப்பார். தென்றலும் உறங்குகிறவருக்குக் காற்றைக் குளிர வைக்கும். உறங்கும் உடல் குளிர்ச்சியை விரும்பும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

வகுப்பிலிருந்து எழுந்து போனது அதுவே முதல் முறை. தாழ்வாரத்தில் நின்று ரெஜினால்டு சாரை அழைத்தேன். பின் வரிசைகளில் இருக்கை வெப்பம் என்ன காட்டுகிறது என்று கேட்டேன். எல்லாம் பச்சைதான் என்றார்.

"பச்சை வேண்டாம் சார். நம்பர் சொல்லுங்க."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "இருபத்தொண்ணு. பதினேழு. பதினாறரை... இதென்ன, பதிமூணு புள்ளி நாலு? முப்பத்தெட்டு கே."

"எத்தனை மணி நேரமா உறக்கம்னு காட்டுது?"

"எட்டு மணி நேரத்துக்கு மேல. நல்லாத் தூங்குறாங்க போல."

"தூங்கல சார். தலையில துணி போட்டிருக்காங்க, அவ்வளவுதான். குளிருக்குப் போட்டதை நாம தூக்கம்னு சொல்லிக் கொடுத்திருக்கோம். அது குறைக்குது. அவங்க இன்னும் இழுத்துப் போர்த்துறாங்க. அது இன்னும் குறைக்குது."

அவர் மறுபடி விசைகளைத் தட்டினார். பிறகு, தென்றல் அரை மணிக்கு ஒருமுறை அரை டிகிரி குறைத்துப் பார்க்கும், ஆள் சிவப்பாகவில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் என்று, எனக்கும் தெரிந்ததை மெல்லச் சொன்னார். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. பதின்மூன்றில் ஒரு வேலி இருக்கிறது, அதற்குக் கீழே போகாது என்றார்.

"அந்தப் பதிமூணு யாரை வச்சு முடிவு பண்ணாங்க சார்?"

"ஆராய்ச்சிக் கூடத்துல. இருபது வயசுப் பையன்களை உக்கார வச்சு." பிறகு, "ஆனா நம்ம ஒப்பு தொண்ணூத்தொம்பதும்மா. பதினாலு பேரும் எப்படித் தப்பா அமுக்குவோம்?" என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் நான் பின்வாங்கியிருப்பேன். ஆனால் தலை இன்னும் சில்லென்று இருந்தது. "எப்படின்னு நாளைக்குப் பாப்போம் சார். இப்ப அந்த முப்பத்தெட்டு கே கையைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

ஆட்டோ பிடித்து அலுவலகம் போய்ச் சேரும்போது ஏழு மணி. விமானத்தின் தலைமைப் பணிப்பெண் தமயந்தி ஏற்கெனவே இணைப்பில் இருந்தார். முப்பத்தெட்டு கேயில் இருப்பவர் சுலைஹா பீவி, அறுபத்தொரு வயது, காயல்பட்டினம். தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். விரல்கள் ஐஸ் போல இருக்கின்றன, பேச்சு இழுக்கிறது, உதட்டில் நிறம் இல்லை. பயணிகளில் இருந்த பல் மருத்துவர் ஒருவர் பார்த்து, உடல் வெப்பம் முப்பத்து நாலே முக்கால் என்றும் இன்னும் இறங்கவிடக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

"நான்தாங்க ரெண்டு போர்வை கொண்டுபோய்ப் போட்டேன்" என்றார் தமயந்தி. "பலகையில தூக்கம்னு இருந்துச்சு. தூங்குறவங்களை எழுப்பக்கூடாதுன்னு எங்களுக்கு ரூல். சத்தமில்லாமப் போட்டுட்டு வந்தேன்."

அவருடைய போர்வை விழுந்த நேரத்தை நான் பலகையில் பார்த்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் அரை டிகிரி குறைந்திருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

தென்றலை வானத்தில் நிறுத்த முடியாது, எங்கள் பலகையிலிருந்து மாற்றவும் முடியாது. கேப்டன் மொத்தக் காற்றின் சூட்டை ஏற்றிப் பார்த்தார். இருக்கைகள் அதைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. விழித்திருந்த முன் வரிசைக்காரர்கள் வியர்த்தார்கள், பின்னால் ஒன்றும் மாறவில்லை. கேமராவைக் காகிதத்தால் மூடினால் காலி இருக்கை என்று எடுத்துக்கொள்ளும், காலி இருக்கைக்குச் சூடு கிடையாது. வேறு இடத்துக்கு மாற்றினால் அங்கேயும் ஒரு கேமரா. கேட்காமலே கொடுக்கிற இயந்திரத்திடம் கேட்பதற்கு வழியே வைக்கவில்லை.

வழி எங்கள் கையேட்டில் இருந்தது. அதில் இருந்த மூன்று படங்களைத் தமயந்திக்கு அனுப்பினேன். பதினேழு டிகிரிக்குக் கீழே நாற்பத்தொரு இருக்கைகள் இருந்தன. அவர்கள் எல்லோரும் தலையில் இருப்பதை எடுத்துவிட்டு, உள்ளங்கையைத் தேய்க்க வேண்டும், தோளைக் கட்டிக்கொள்ள வேண்டும், முஷ்டிக்குள் ஊத வேண்டும். வெள்ளைக்காரர் குளிரில் நிற்பது போல.

"குளிருறவங்களைப் போத்தியிருக்கிறதை எடுத்துட்டு, குளிருற மாதிரி நடிக்கச் சொல்றீங்க" என்றார் தமயந்தி.

"ஆமாக்கா. நம்ம குளிரு அதுக்குப் புரியாது. அதோட பாஷையில சொல்லணும்."

எழுப்பியபோது அந்த நாற்பத்தொரு பேரில் உண்மையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர் என்று தமயந்தி பிறகு சொன்னார். மற்றவர்கள் துணிக்குள்ளே கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார்கள். முப்பத்தாறாவது வரிசைப் பெரியவர் ஒருவர், ரிட்டயர்டு தாசில்தார், இதெல்லாம் என்ன கூத்து என்று கேட்டுவிட்டு, பிறகு பற்களையும் சேர்த்துக் கிட்டிக் காட்டினாராம். அவர் மனைவி, வீட்டில் இப்படி ஒரு நாள் நடித்திருந்தால் வெந்நீராவது போட்டுக் கொடுத்திருப்பேனே என்றாராம். பலகையில் ஒவ்வொன்றாகச் சிவப்பு தெரிந்தது. எனக்குச் சிவப்பைப் பார்த்து அவ்வளவு மகிழ்ச்சி எப்போதும் வந்ததில்லை. பதினாறு பதினெட்டானது, பதினெட்டு இருபத்தொன்றானது.

முப்பத்தெட்டு கே மட்டும் பதின்மூன்று புள்ளி மூன்றுக்கு இறங்கியிருந்தது.

சுலைஹா பீவி தலைத் துணியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் அதைக் குளிருக்காகப் போட்டிருக்கவில்லை. அவர் விமானத்தில் ஏறி உட்கார்ந்த நிமிடத்திலிருந்தே தென்றலுக்கு அவர் தூங்குகிறவர். அவரைப் போல இந்த ஐந்து மாதத்தில் எத்தனை பேர் எத்தனை விமானங்களில் உட்கார்ந்திருப்பார்கள் என்ற எண்ணம் வந்தது. அதைத் தள்ளிவைத்தேன். எடுக்க வேண்டியதில்லை என்று தமயந்தியிடம் சொன்னேன். பேசச் சொல்லுங்கள் என்றேன். வாயும் கையும் சேர்ந்து அசைந்தால் அது பேச்சு. தலையில் என்ன இருந்தாலும், உறக்கத்துக்கு மேலே பேச்சு என்று வரிசையில் வைத்திருந்தோம். பேசுகிறவருக்கு இருபத்து மூன்று டிகிரி.

தொலைபேசிக் கருவியை அவர் கையில் கொடுத்தார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"எந்த... எக்ஸ்சேஞ்சு?" என்றார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்தவர் என்று தமயந்தி பின்னாலிருந்து சொன்னார். சென்னைம்மா, சென்னை லைன் என்றேன். ஒரு கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டி ஆட்டிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எதற்கு என்றார். சொன்னேன். மேலே இருக்கிற கேமரா, உறக்கம், துணி, எல்லாவற்றையும். அவர் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

"அதுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

அலுவலகத்தில் எல்லோரும் என் பக்கம் பார்க்காதது போல இருந்தார்கள். ரெஜினால்டு சார் கையை அசைத்து வேண்டாம் என்றார்.

"நான்தாம்மா" என்றேன்.

பலகையில் முப்பத்தெட்டு கேயின் நிலை 'பேச்சு' என்று மாறியது. அவர் கையை ஓங்கியிருக்க வேண்டும்.

"நல்லா இருக்கு புள்ள. தப்பு லைனைப் போட்டுட்டு எட்டு மணி நேரம் ஊரு சுத்தப் போயிட்டியாக்கும். எங்க சூப்பர்வைசரா இருந்தா மெமோ குடுத்திருப்பா."

"குடுங்கம்மா. கையை ஆட்டிக்கிட்டே குடுங்க."

அவர் கொடுத்தார். வார்த்தைகள் இடையிடையே நின்றன, நான் கேள்வி கேட்டு இழுத்தேன். எண் பதினாலானது. பதினைந்தானது. தமயந்தி வெந்நீர்ப் பாட்டில்களைத் துணியில் சுற்றி அவர் அக்குளில் வைத்தார். சுலைஹா பீவி, எக்ஸ்சேஞ்சில் ஒரு பெருநாளன்று எல்லா லைனும் அடைத்துக்கொண்ட கதையைச் சொன்னார். தங்கை மகள் சான் ஹோசேயில் பிள்ளை பெற்றிருப்பதைச் சொன்னார். இருபத்தொன்றைத் தொடும்போது பேச்சின் இழுப்பு குறைந்திருந்தது. அப்போதுதான் நான் நோட்டில் எழுதிவைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். இவ்வளவு குளிரியும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?

"சுத்தி எல்லாரும் சும்மா உக்காந்திருந்தாங்கல்ல. எனக்கு மட்டும்தான் குளிருதாக்கும்னு நெனச்சேன்."

எட்டரை மணிக்குப் பல் மருத்துவர் முப்பத்தாறு புள்ளி ஒன்று என்றார். அதற்குப் பிறகும் சுலைஹா பீவி இருபது நிமிடம் பேசினார். லைனை வைக்கச் சொன்னால் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நோட்டிலிருந்து 2206 இருந்த பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு ரெஜினால்டு சார் அறைக்குப் போனேன். விமானம் இறங்கிவிட்டது, சுலைஹா பீவி தன் காலாலேயே நடந்து போனார் என்று அவர் சொன்னார். தென்றல் எல்லா விமானங்களிலும் நிறுத்தப்பட்டிருந்தது. குமிழைத் திரும்ப வைக்கச் சொல்லி எங்கள் அறிக்கை போயிருந்தது. வேலை போகும் என்று நான் தயாராகத்தான் வந்திருந்தேன். பிரதியை மேசையில் வைத்து, முதலில் சரியாக அழுத்திவிட்டு மற்றவர்களைப் பார்த்து மாற்றினேன், மாற்றியது என் தவறு என்றேன்.

அவர் அதைப் படித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். நாங்கள் கடைசியாக அழுத்தியது மட்டுமல்ல, முதலில் அழுத்தியதும் பதிவாகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 2206-க்கு எதிரே பதினான்கு பெயர்கள். பதினொரு பேர் முதலில் குளிர் என்று அழுத்தியிருந்தார்கள். பதினொரு பேரும் ஒரு நிமிடத்துக்குள் உறக்கம் என்று மாற்றியிருந்தார்கள்.

"நானும் இருக்கேன் பாரு" என்றார். "அப்ப நானும் உங்க கூட உக்காந்து அமுக்கிட்டு இருந்தேன்ல. ஆறாவது பேரு. குளிர்னு அமுக்கினேன், ஒப்பு பூஜ்யம்னு காட்டுச்சு. சரி, நமக்குத்தான் தெரியலைன்னு மாத்திட்டேன்."

"அப்ப யாரு சார் முதல்ல உறக்கம்னு போட்டது?"

பட்டியல் நேரப்படி இருந்தது. நான் விரலை வைத்து மேலே போனேன். ஆறு, ஐந்து, நான்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்பது பதினான்குக்கு என் பெயர். குளிர். நாற்பது விநாடி. உறக்கம். ஒப்பு என்ற இடத்தில் ஒரு கோடு.

நான் எண்ணை எழுத மறந்திருக்கவில்லை. அன்று எனக்கு முன்னால் அந்தப் படத்தை யாரும் பார்த்திருக்கவில்லை. நாற்பது விநாடி நான் யாருக்குப் பயந்து யோசித்தேனோ அந்த மற்றவர்கள் அப்போது இல்லவே இல்லை. அவர்கள் பிறகு வந்து, என்னைப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள்.

எல்லாப் படங்களையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், ஒப்பு எண் இல்லாமல், என்றார் ரெஜினால்டு சார். நீதான் தொடங்க வேண்டும் என்றார். தொடங்கினேன். மாலை வரை நானூறு படங்கள் முடிந்தன.

ஆறே கால் வகுப்பு. பேராசிரியர் செல்லையா உள்ளே வந்ததும் வழக்கம்போல ஏசியைப் போட்டார். கடைசி பெஞ்சில் என் தலை மேல் காற்று இறங்கியது. நான் துப்பட்டாவைத் தொடவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், குளிருது. இருபத்தாறுல வைங்க."

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்களுக்கு மட்டுமா?"

எனக்குத் தெரியவில்லை. "எனக்குக் குளிருது சார்" என்றேன்.

ரிமோட் மேசையிலேயே கிடந்தது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு முன் பெஞ்சில், மூன்று வருடமாகச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்காரும் லோகிதாசன், அது ஸ்டைல் என்று நான் நினைத்திருந்தேன், திரும்பாமலே சொன்னான்.

"எனக்கும் சார்."